காணப்படாதவனின் இலக்கணம்: டோல்கீன் புதினத்தில் மெரியின் போர்ப்பயணமும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

பெருங்கதைகளில் போருக்குச் செல்வோரை ஆசிரியரும் காண்பர்; பிற மாந்தரும் காண்பர்; கற்போரும் காண்பர். எவராலும் காணப்படாமலேயே ஒருவன் போர்க்களம் சேர்வதும், காணப்படாமை என்னும் அந்நிலையே போரின் முடிவை மாற்றுவதும் அரிதாகவே அமையும் கதையமைப்பாகும். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் புதினத்தில் வரும் மெரி என்னும் சிறுவடிவினனின் கதை அத்தகையது. அரசன் தடுத்தும், குதிரை ஏற இயலாத உருவம் தடுத்தும், உடன் வந்த வீரர்கள் பொருட்படுத்தாத நிலையிலும் அவன் போருக்குச் செல்கிறான்.

இக்கதைப்பகுதியைத் திறனாய்ந்தோர் பெரும்பாலும் வீரப்பண்பு, தோழமை, பெண்ணின் வீறு ஆகியவற்றையே கருத்திற் கொண்டனர். மெரி காணப்படாமல் போவதற்குச் சொற்களும் சொல்லின் இலக்கணக் கூறுகளும் எவ்வாறு துணைநிற்கின்றன என்பது மொழியியல் நோக்கில் எண்ணத்தக்கது. இப்பகுதியைத் தமிழில் பெயர்க்கும்போது முன்னிலைப்பெயர், திணை, பால் விகுதி, இனப்பெயர் ஆகிய நான்கிடங்களில் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அம்முடிவு தவறினால், கதைக்குள் காணப்படாதவன் மொழிபெயர்ப்பிலும் ஒருமுறை காணப்படாமல் போவான். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆசிரியரும் நூலும்

டோல்கீன் (1892-1973) தொழிலால் மொழிநூலறிஞர். 1919, 1920 ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிப் பணியில் ஈடுபட்டார். 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலோ சாக்சன் பேராசிரியராகவும், பின்னர் 1959 வரை ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கினார். 1916இல் சோம் போர்க்களத்தில் பணியாற்றிய பட்டறிவும் அவருக்கு உண்டு. இப்புதினம் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இந்நூலில் உண்டு. ஆசிரியர் தம்மைப் படைப்பாளராகக் காட்டிக்கொள்ளாமல், பழஞ்சுவடி ஒன்றனை ஆங்கிலத்தில் பெயர்த்தவராகவே காட்டிக்கொள்கிறார். கதைமாந்தர் பேசிய பொதுமொழியை அவர் இக்கால ஆங்கிலமாக ஆக்கினார். அப்பொதுமொழிக்கு உறவுடையதும் அதனினும் பழமை மாறாததுமான ரோஹன் நாட்டு மொழியைப் பழைய ஆங்கிலமாக ஆக்கினார். இவ்வுத்தியை ஆறாம் பின்னிணைப்பில் அவரே விரித்துரைத்துள்ளார். எனவே இந்நூலைத் தமிழாக்குவோர், கற்பனையாகவேனும், மொழிபெயர்ப்பு ஒன்றனையே மீண்டும் மொழிபெயர்க்கின்றனர்.

அப்பின்னிணைப்பின்படி மெரியின் ‘உண்மையான’ பெயர் ‘களி’. முழுப்பெயராகிய ‘களிமாக்’ என்பதன் சுருக்கம். பொதுமொழியில் அச்சொல்லுக்கு மகிழ்வுடைய, உவகை மிக்க என்று பொருள். அப்பொருள் நோக்கியே ஆங்கிலத்தில் ‘மெரி’ என்று பெயரிட்டதாக ஆசிரியர் கூறுகிறார். தமிழில் ‘களி’ என்பதும் மகிழ்ச்சியையே குறிக்கும். இது தற்செயலான ஒலி ஒப்புமையேயன்றி வேறன்று. இதனைக்கொண்டு மொழியுறவு பேசுதல் பிழையாகும். எனினும் பெயரின் பொருளை உணர்த்த விழையும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஆசிரியரே வகுத்த மூலப்பெயர் கையருகே இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

3. கதைநிகழ்வு

ஹாபிட் என்பார் இரண்டடி முதல் நான்கடி வரை உயரமுள்ள குற்றுருவினர். மெரியாடாக் என்னும் முழுப்பெயருடைய மெரி, தோழர்களைப் பிரிந்து, குதிரை மறவர் நாடாகிய ரோஹனின் முதிய வேந்தன் தியோடனுடன் தங்க நேர்கிறது. வேந்தன்பால் எழுந்த அன்பின் உந்துதலால் தன் வாளை அவன் மடியில் வைத்து ஊழியம் ஏற்கிறான். அவனைத் தந்தையாகக் கொள்வதாக உறுதி கூறுகிறான். சில நாட்களில் கோண்டோர் நாட்டிலிருந்து போருதவி வேண்டி அழைப்பு வருகிறது. செல்ல வேண்டிய தொலைவு நூறு லீகுக்கு மேல். அஃதாவது முந்நூறு மைலுக்கு மேல். மெரியின் மட்டக்குதிரையால் அத்தொலைவை விரைந்து கடக்க இயலாது. வேறு வீரன் எவனும் அவனைச் சுமந்து செல்லவும் இயலாது என்று வேந்தன் தடுக்கிறான். ஊழியத்தினின்று அவனை விடுவிப்பதாகவும் நட்பினின்று விடுவிக்கவில்லை என்றும் கூறுகிறான்.

அந்நிலையில் டெர்ன்ஹெல்ம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இளம்போர்வீரர் ஒருவர் மெரியைத் தம் குதிரையில் ஏற்றி, மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு செல்கிறார். மார்ச் 10ஆம் நாள் புறப்பட்ட ஆறாயிரம் குதிரைவீரர் 15ஆம் நாள் விடியலில் களத்தை அடைகின்றனர். வேந்தன் வீழ்கிறான். சூனிய வேந்தன் எனப்படும் பகைத்தலைவன் அவன் உடலை அணுகும்போது டெர்ன்ஹெல்ம் எதிர்த்து நிற்கிறார்; அவர் வேந்தனின் உடன்பிறந்தாள் மகளாகிய இயோவின் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. மெரி பின்புறமிருந்து பகைவனின் முழங்காற் பின்னரம்பைக் குத்துகிறான். இயோவின் இறுதி அடியை அடிக்கிறாள்.

இந்நிகழ்ச்சி முழுவதும் பெரும்பாலும் மெரியின் நோக்குநிலையிலேயே சொல்லப்படுகிறது. எவராலும் காணப்படாதவன் கண்வழியே கற்போர் அனைத்தையும் காண்கின்றனர். இவ்வமைப்பை நினைவிற் கொண்டே பின்வரும் இலக்கணச் செய்திகளை நோக்குதல் வேண்டும்.

4. முன்னிலைப்பெயர்

இக்கால ஆங்கிலத்தில் முன்னிலைப்பெயர் ஒன்றே. உயர்வு தாழ்வு அதில் தோன்றாது. ஆனால் கதைமாந்தரின் பொதுமொழியில் நெருக்கம் காட்டும் வடிவும் மதிப்புக் காட்டும் வடிவும் தனித்தனியே இருந்தன என்று பின்னிணைப்பு கூறுகிறது. ஹாபிட்டுகளின் நாட்டுப் பேச்சில் மதிப்பு வடிவு வழக்கொழிந்து, சில சிற்றூர்களில் மட்டும் செல்லமாக அழைப்பதற்கு எஞ்சியிருந்ததாம். அதனால்தான் மெரியின் தோழன் பிப்பின், கோண்டோரின் ஆட்சியாளன் டெனதோரையும் நெருக்க வடிவால் விளித்தான். அதைக் கேட்ட பணியாளர் வியந்தனர். அவன் தன் நாட்டில் மிக உயர்ந்த நிலையினன் போலும் என்ற பேச்சும் எழுந்தது.

மெரியும் அதே நாட்டினன். ஆகவே அவன் தியோடனிடம் பேசியதும் நெருக்க வடிவே என்று கொள்ளுதல் பொருந்தும். ஆங்கில மூலம் இதனைக் காட்ட இயலாமல் பின்னிணைப்பில் விளக்கம் தருகிறது. தமிழோ இதனைக் காட்டாமல் விட இயலாத மொழி. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்பவற்றுள் ஒன்றை ஒவ்வொரு தொடரிலும் தேர்ந்தாக வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப அமையும்.

அரசனிடம் ஊழியன் பேசுவதால் ‘தாங்கள்’ என்று பெயர்ப்பதே முறை என்று தோன்றலாம். அரண்மனைக் கதைகள் நமக்குப் பழக்கிய நடை அது. ஆயின் இங்கு அது பொருந்தாது. ‘தாங்கள்’ என்னும் மெரி ஏவலர் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான்; தந்தையென்று கூறும் உறுதிமொழியும் சடங்குமொழியாகச் சுருங்கும்.

இதற்குத் தமிழ் மரபிலேயே வழி உண்டு. சங்கப் புறப்பாடல்களில் புலவர் வேந்தனை ‘நீ’ என்றே விளிப்பர். அது மதிப்புக் குறைவன்று. ஒருவரைப் பன்மையாற் சொல்லும் உயர்சொல் வழக்கில் உள்ளதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்னும் கருத்தைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் காண்கிறோம். ரோஹன் மக்களின் பேச்சுக்குப் பழைய ஆங்கிலச் சாயல் அளித்தமை போல, தமிழில் அதற்குப் பழந்தமிழ்ச் சாயல் அளித்தால், வேந்தனை ‘நீ’ என்பது அந்நடைக்கே உரியதாகிவிடும். மெரியின் ‘நீ’ நாட்டுப்புறத்தானின் பழக்கத்தால் வருவது. அவையிலுள்ள மறவரின் ‘நீ’ தொன்மையால் வருவது. இரண்டும் ஒரே சொல்லில் கூடுவதால், சிறியவன் அவ்வவைக்கு அயலானாகவும் உரியவனாகவும் ஒருங்கே தோன்றுவான். இது மூலத்தில் பின்னிணைப்பின் துணையோடு மட்டுமே உணரக்கூடியது. தமிழில் கதைக்குள்ளேயே உணர்த்தக்கூடியது.

5. ஊழியமும் நட்பும்

தடுக்கப்பட்ட மெரி வேந்தனிடம் முறையிடுகையில், தன்னை வாளேந்தும் ஊழியனாக ஏற்றது உடன் வைத்துக்கொள்வதற்கு அன்றோ என்னும் பொருள்பட வினவுகிறான். அங்கு வரும் சொல் வாளையும், தலைவனுக்குக் கடப்பாடுடைய துணைவனைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஆக்கப்பட்டது. அப்பழஞ்சொல் முதலில் பணியாளனையும், பின்னர்த் தலைவனுக்காகப் போரிடும் உயர்குடித் துணைவனையும் குறித்தது.

இதன் பின்னணி 991ஆம் ஆண்டு மால்டன் போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாடலாகும். தலைவன் வீழ்ந்த பின்னும் களம் நீங்காத துணைவர்களை அது போற்றுகிறது. அவர்களுள் எளிய குடியானவன் ஒருவனும் ஈட்டியை உயர்த்திப் பேசுகிறான். டோல்கீன் இப்போரை அடிப்படையாகக் கொண்டு 1953இல் உரையாடற் படைப்பு ஒன்றையும் ஆய்வுரையையும் வெளியிட்டார். மெரியின் நிலை அக்குடியானவனின் நிலைக்கு அணுக்கமானது. ஊழியம் ஏற்றவன் தலைவனை நீங்கக்கூடாது என்பது அறம். தலைவனின் ஆணைக்கு அடங்க வேண்டும் என்பதும் அறம். வேந்தன் தங்கியிருக்க ஆணையிடும்போது இரண்டறமும் முரண்படுகின்றன. மெரி முதலாவதைக் காக்க இரண்டாவதை மீறுகிறான். இறக்கும் வேந்தனிடம் அவன் முதலில் வேண்டுவதும் அம்மீறலுக்கான மன்னிப்பையே.

இவ்வூழியனைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது? ‘படைவீரன்’ என்பது பொதுச்சொல். ‘மெய்க்காவலன்’ தொழிலைக் காட்டும், உறுதிமொழியைக் காட்டாது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வேளைக்காரர்’ என்னும் சொல் இங்கு நினைக்கத்தக்கது. அரசன்பொருட்டு உயிரையும் ஈவதாகச் சூளுரைத்த படையினர் என வரலாற்றறிஞர் பலர் அவர்களைக் கொள்வர். இலங்கையின் பொலன்னறுவையிலும் அப்படையினரின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ‘வேளைக்காரன்’ என்பது இக்காலச் செவிக்கு ‘வேலைக்காரன்’ என்று மயங்கும் என்பது தடையாகத் தோன்றலாம். பணியாளன் என்னும் பொருளினின்றே மூலச்சொல்லும் உயர்ந்து வந்தது என்பதை நோக்கின், இம்மயக்கம் ஓரளவு பொருந்தி வருவதையும் காணலாம். சொல்லை ஏற்பதும் விடுப்பதும் மொழிபெயர்ப்பாளர் விருப்பம். ஆனால் உறுதிமொழி என்னும் பொருட்கூறு விடுபடுதல் ஆகாது.

வேந்தன் ஊழியத்தையும் நட்பையும் பிரித்துப் பேசியதற்குக் கதை பின்னர் ஒரு பெயரால் மறுமொழி தருகிறது. போர் முடிந்த பின் ரோஹனில் மெரிக்கு வழங்கும் பெயர் ‘ஹோல்ட்வினே’. பழைய ஆங்கிலத்தில் அதன் முற்பகுதி தலைவனிடம் மாறாப் பற்றுடைய தன்மையையும், பிற்பகுதி நண்பனையும் குறிக்கும். வேந்தன் பிரித்த இரண்டும் அப்பெயரில் ஒன்றாகின்றன. இயற்பெயர்களை ஒலிபெயர்த்து மட்டும் செல்லும் மொழிபெயர்ப்பில் இவ்விணைவு முற்றிலும் மறையும். ரோஹன் பெயர்கள் அவ்வாறே நிற்கலாம். எனினும் இப்பெயரின் பொருளைக் கதையோட்டத்திலேயே ஒரு சொல்லால் உணர்த்துதல் நன்று.

6. திணை

பயணத்தின்போது மெரியை எவரும் பார்ப்பதில்லை. எல்ஃப்ஹெல்ம் என்னும் படைத்தலைவனும் அவன் வீரர்களும் சிறியவன் ஒருவன் இருப்பதையே அறியாதவர் போல நடந்துகொள்கின்றனர். டெர்ன்ஹெல்ம் கொண்டுவரும் இன்னொரு மூட்டை என்ற அளவிலேயே அவன் இருக்கிறான். இருளில் எல்ஃப்ஹெல்ம் அவன்மீது இடறி, மரவேர் என்று எண்ணிச் சினக்கிறான். மெரி தான் வேருமல்லன், மூட்டையுமல்லன் என்று மறுக்கிறான். விடைபெறும்போது படைத்தலைவன் மூட்டை என்னும் சொல்லையே மதிப்புச்சொல்லோடு சேர்த்து அவனை விளிக்கிறான். களத்தில் சூனிய வேந்தனும் அவனைச் சேற்றுப் புழுவைப் போலவே எண்ணிப் பொருட்படுத்தாது விடுகிறான்.

மரவேர், மூட்டை, புழு என்னும் மூன்றும் தமிழிலக்கண நோக்கில் அஃறிணை. ஆங்கிலத்தில் இவை வெறும் உவமைகளாகவே நிற்கும். தமிழிலோ ஒருவனைப் பொருளாக எண்ணுதல் வினைமுற்று வரை சென்று தாக்கும். ‘கிடக்கிறான்’ என்பது ‘கிடக்கிறது’ என்றாகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்குதல் உண்டு என நன்னூல் அமைதி கூறுகிறது. அவ்வமைதியை மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருவியாகக் கொள்ளலாம். வீரர்களின் பேச்சில் மெரி ‘அது’ ஆகலாம். கதைக்கூற்றில் ஒருபோதும் ஆகலாகாது. கதைக்கூற்று அவன் நோக்குநிலையில் அமைந்தது. தன்னை எவனும் அஃறிணையாக எண்ணான்.

படைத்தலைவனின் விளியைத் தமிழில் ‘மூட்டையாரே’ என்று பெயர்த்தால் மூலத்தின் சுவை குன்றாது. காக்கையார், நரியார் என நாட்டுப்புறக் கதைகளில் அஃறிணைப் பெயரோடு ‘ஆர்’ விகுதி சேர்வதை நாம் அறிவோம். அதில் எள்ளலும் உண்டு, அன்பும் உண்டு. அதுவரை மூட்டையாக இருந்தவன் ‘மூட்டையார்’ ஆகும்போது, அவனை ஒருவன் முதன்முறையாகக் கண்டுவிட்டான் என்பது புலனாகும். படைத்தலைவன் அவனை அறிந்தும் அறியாதவனாக நடந்தான் என்னும் குறிப்பும் அதனால் வலுப்பெறும்.

‘ஹாபிட்’ என்னும் இனப்பெயரும் ஈண்டு கருதத்தக்கது. ரோஹன் மக்கள் அவ்வினத்தாரைக் குறிக்கும் முழுவடிவச் சொல்லுக்கு வளை அமைத்து வாழ்வோர் என்பது பொருள். ‘ஹாபிட்’ அதன் தேய்ந்த வடிவாகக் காட்டப்படுகிறது. தம் நூலை மொழிபெயர்ப்போருக்காக டோல்கீன் எழுதிய பெயர் விளக்கக் குறிப்புகள் 1975இல் அச்சாயின. ‘ஹாபிட்’ என்பதைப் பெயர்க்காமல் விடுமாறு அவர் அவற்றில் கூறுகிறார். முழுவடிவச் சொல்லைத் தமிழாக்க விழைவோருக்கு ‘அளைவாழ்நர்’ என்பது பொருந்தும். ‘வாழ்நர்’ என்பது ‘வாணர்’ என மருவியமை தமிழிலும் காணப்படுவதால், அளைவாழ்நர் ‘அளைவாணர்’ ஆவது மூலத்தின் சொற்றேய்வை ஒருவாறு நிகர்க்கும்.

7. பால் விகுதி

டெர்ன்ஹெல்ம் என்னும் பெயரின் முற்பகுதி பழைய ஆங்கிலத்தில் மறைவானது என்றும், பிற்பகுதி தலைக்கவசம் என்றும் பொருள்படும். பெயரே மறைவை அறிவிக்கிறது. ஆனால் மெரி அம்மொழியை அறியான். ஆங்கிலக் கதைக்கூற்று டெர்ன்ஹெல்மை ஆண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்கிறது. இது பொய்யன்று, மெரி கண்டவாறு கூறுவது.

தமிழில் இச்சிக்கல் பன்மடங்காகும். ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரில் மட்டும் தோன்றும் பால், தமிழில் ஒவ்வொரு படர்க்கை வினைமுற்றிலும் தோன்றும். ‘வந்தான்’, ‘தூக்கினான்’, ‘மறைத்தான்’ என்று நூற்றுக்கு மேற்பட்ட முறை கூறிவிட்டுப் பின் ‘நின்றாள்’ என்றால், கற்போர் ஆசிரியரால் ஏமாற்றப்பட்டதாக உணரக்கூடும். இதற்கு ‘ஆர்’ விகுதி நல்ல தீர்வாகும். மெரியின் கண்ணில் டெர்ன்ஹெல்ம் உயர்நிலைக் குதிரைவீரர். தன்னைச் சுமந்து செல்பவர். ஆகவே ‘வந்தார்’, ‘தூக்கினார்’ என்பன அவன் நோக்குநிலைக்கு இயல்பானவை. அதே வேளையில் பாலைச் சொல்லாதவை.

தமிழில் தன்மை வினையும் முன்னிலை வினையும் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. எனவே டெர்ன்ஹெல்மின் சொந்தப் பேச்சும், மெரி அவரிடம் பேசும் பேச்சும் எவ்வித இடர்ப்பாடும் இன்றி அமையும். பால் வெளிப்படும் இடம் படர்க்கை மட்டுமே. அஃதாவது கதைக்கூற்று மட்டுமே. கதைக்கூற்றில் ‘ஆர்’ விகுதி ‘ஆள்’ விகுதியாக மாறும் இடமே வெளிப்பாட்டின் இடம்.

2003ஆம் ஆண்டில் பீட்டர் ஜாக்சன் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்தில் மெரி அவளைக் குதிரையில் ஏற்றப்படும்போதே அறிந்துகொள்கிறான். முகத்தைக் காட்டும் கலைக்கு மறைத்தல் எளிதன்று. மொழிக்கு அது கைவந்தது. ஆங்கிலத்தினும் தமிழுக்கு நேர்மையாகவே கைவரும்.

8. ‘மனிதன்’ என்னும் சொல்

இனி இக்கதைப்பகுதியின் உயிர்நிலையான சொல்லுக்கு வருவோம். சூனிய வேந்தன் மனிதன் கையால் வீழான் என்று நெடுங்காலத்துக்கு முன் குளோர்ஃபிண்டல் கூறியதாக முதற் பின்னிணைப்பு தெரிவிக்கிறது. கதைக்காலக் கணக்கில் அது மூன்றாம் ஊழியின் 1975ஆம் ஆண்டு நிகழ்ச்சி. களத்தில் அப்பகைவனும் உயிரோடுள்ள மனிதன் எவனும் தன்னைத் தடுக்கவியலாது என்று தருக்குகிறான். இயோவின் தான் மனிதன் அல்லள், பெண் என்று விடையிறுக்கிறாள்.

பெரும்பாலான வாசிப்புகள் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. முன்னுரை ஒரு பெண்ணால் நிறைவேறியது என்று முடிக்கின்றன. இது பாதியே உண்மை. ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் என்றும் மனித இனத்தான் என்றும் இருபொருள் உண்டு. இயோவின் முதற்பொருளால் விலகுகிறாள். மெரி இரண்டாம் பொருளால் விலகுகிறான். மெரியின் வாள் முற்காலத்தில் இதே பகைவனை எதிர்த்துப் போரிட்ட வடநாட்டாரால் செய்யப்பட்டது. பழைய கல்லறை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. உடலையும் உளத்தின் ஆற்றலையும் பிணைத்திருந்த மந்திரத்தை அவ்வாளே அறுத்தது என்று கதைக்கூற்று தெளிவாகக் கூறுகிறது. எனவே வீழ்த்தியவர் இருவர். இருவரும் ‘மனிதன்’ அல்லர்.

தமிழில் இச்சொல்லை மூவகையாகப் பெயர்க்கலாம். ‘ஆண்’ அல்லது ‘ஆடவன்’ என்பது முதல் வகை. இயோவினின் விடை பொருந்தும். ஆனால் மெரியும் ஆடவனே ஆதலின் முன்னுரை பொய்த்துப்போகும், அன்றேல் மெரியின் செயல் கணக்கில் வாராது. ‘மானிடர்’, ‘மனித குலம்’ என்பன இரண்டாம் வகை. மெரி பொருந்துவான், இயோவின் மானிடப்பெண் ஆதலின் அவள் விடை பொருளற்றதாகும். ‘மனிதர்’ என்னும் பலர்பாலும் இவ்வகையதே. மூன்றாம் வகை ‘மனிதன்’. இச்சொல்லின் ‘அன்’ விகுதி ஆண்பால் ஒருமையைக் காட்டும். பகுதி இனத்தைக் காட்டும். பொதுவழக்கில் இது மாந்தர் அனைவரையும் குறிப்பதாகக் கொள்ளப்படுவதால் கேட்போர் விகுதியைக் கருதுவதில்லை. சூனிய வேந்தன் செய்த பிழையும் இதுவே. இச்சொல் ஒன்றே இரு வாயில்களையும் திறந்து வைக்கிறது.

வடிவிலும் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. டோல்கீன் மனித இனத்தைக் குறிக்கும்போது பெரிய எழுத்தால் தொடங்குவது வழக்கம். பகைவனின் தருக்குரையில் சிறிய எழுத்தே வருகிறது. கண்ணால் கற்போர் அதனால் ஆண் என்னும் பொருளுக்கே செலுத்தப்படக்கூடும். தமிழெழுத்தில் அவ்வேறுபாடு இன்மையால் இருபொருளும் சமமாக நிற்கும். இயோவினின் விடையில் ‘மனிதன் அல்லேன்’ என்னும் தன்மை வினைக்குறிப்பு பால் காட்டாது. அடுத்த சொல்லாகப் ‘பெண்’ வரும்போதே பொருள் வெளிப்படும். பின்னிணைப்பை விடுத்து நூலை மட்டும் பெயர்ப்போர், முன்னுரையின் தோற்றுவாய் மறையும் என்பதை எண்ணுதல் வேண்டும்; சேர்த்துப் பெயர்ப்போர் இரண்டிடத்தும் ‘மனிதன்’ என்னும் ஒரே சொல்லை ஆளுதல் வேண்டும்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. அச்சத்தால் தரையில் தவழும் மெரி, தான் அரசனுக்குரியவன் என்றும் அவனருகே நிற்க வேண்டும் என்றும் தன்னையே நினைவூட்டிக்கொள்கிறான். அங்கும் ஆங்கிலத்தில் அதே சொல், ஊழியன் என்னும் மூன்றாம் பொருளில் வருகிறது. ஆங்கிலச் சொல்லின்படி மெரி அரசனின் ‘மனிதன்’. பகைவனின் சொல்லின்படி ‘மனிதன்’ அல்லாதவன். தமிழில் இவ்விடத்தை ‘அரசனின் ஆள்’ என்று பெயர்ப்பதே தக்கது. ‘ஆள்’ பாலையும் இனத்தையும் வரையறுக்காமல் உரிமையை மட்டும் உணர்த்தும். மூலத்தின் சொல்விளையாட்டு இதனால் ஒருபடி குறையும். ஆனால் ‘மனிதன்’ என்னும் சொல் அடுத்து வரும் தருக்குரைக்காகப் பழுதின்றிக் காக்கப்படும். இழப்பு இரண்டனுள் சிறியதைத் தேர்தல் மொழிபெயர்ப்பாளர் கடமை.

மெரியோ பகைவனுக்கு விடை எதுவும் கூறவில்லை. துணையின்றி அவள் இறக்கக்கூடாது என்னும் இரக்கமே அவனை எழச் செய்தது. தன்னைப் பற்றியும் அம்முன்னுரை பேசுகிறது என்பதை அவன் அறிந்ததாகக் கதை யாண்டும் சொல்லவில்லை. அதை உணர்வது கற்போர் பொறுப்பாக விடப்பட்டுள்ளது. சொற்றேர்வு தவறிய மொழிபெயர்ப்பைக் கற்போருக்கு அவ்வுணர்வுக்கான வழியே இராது.

9. முடிவுரை

வெற்றிக்குப் பின்னும் மெரி காணப்படவில்லை. வேந்தனையும் இயோவினையும் வீரர்கள் சுமந்து செல்ல, அவன் அவர்கள் பின்னே நடந்து, நகரின் தெருவொன்றில் தனித்துத் தளர்கிறான். பிப்பின் அவனைத் தேடிக் காண்கிறான். அவன் சிறப்போடு சுமந்து கொண்டுவரப்பட்டிருக்க வேண்டியவன் என்று கந்தால்ஃப் பின்னர்க் கூறுவது, கதைமாந்தர் அனைவர்க்குமான கண்டனமாக அமைகிறது.

இக்கட்டுரையில் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். மெரி வேந்தனை ‘நீ’ என விளித்தலே அவன் நாட்டு வழக்குக்கும் பழந்தமிழ் மரபுக்கும் ஒருங்கே பொருந்தும். அவன் ஏற்ற ஊழியத்தைக் குறிக்கும் சொல்லில் சூளுரை என்னும் பொருட்கூறு விடுபடலாகாது. அவனை அஃறிணையாக்குதல் பிறர் பேச்சுக்கு உரியது, கதைக்கூற்றுக்கு உரியதன்று. டெர்ன்ஹெல்முக்கு ‘ஆர்’ விகுதி ஏற்றது. முன்னுரைக்கு ‘மனிதன்’ என்னும் சொல்லே ஏற்றது.

ஆங்கிலத்தில் பின்னிணைப்பாலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டாலும் குறிப்பாகக் காட்டப்படும் சில செய்திகளைத் தமிழ் தன் இலக்கணத்தாலேயே காட்ட வல்லது. தமிழின் பால், திணைப் பாகுபாடுகள் மொழிபெயர்ப்புக்கு இடையூறு என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கதைப்பகுதியைப் பொறுத்தவரை அவை இடையூறல்ல, துணை. ஒவ்வொரு விகுதியையும் எண்ணித் தேரும் மொழிபெயர்ப்பாளர், வேந்தனும் பகைவனும் காணத் தவறிய சிறியவனைத் தமிழ்க் கற்போர் காணுமாறு செய்ய இயலும்.